எங்கள் ஏரியில் மீன்குழி தேடிய கதை

1

போன சனிக்கிழமை காலை கயாக்கைத் தண்ணீரில் இறக்கப் போனபோது ஒரு இளம்பெண் வந்து நிறுத்தினாள். ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் டேப்லெட். நான் இருக்கும் மின்னசோட்டாவில் கோடை தொடங்கினால் ஏரிகளின் படகுத்துறையில் இப்படி யாராவது நின்று விசாரிப்பார்கள். ஒரு ஏரியின் களையோ சிப்பியோ படகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு ஏரிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். இந்தப் படகு கடைசியாக எந்தத் தண்ணீரில் இருந்தது?

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஓவியா, “பூதலூர்” என்றாள்.

அந்தப் பெண் டேப்லெட்டில் தேடினாள். மாநிலத்தின் ஆயிரக்கணக்கான ஏரிகள் அதில் இருந்தன. எங்கள் ஊர் ஏரி இல்லை. எந்த மாவட்டம் என்று கேட்டாள். “தஞ்சாவூர்” என்றாள் ஓவியா, பக்கத்து மாவட்டம் போல. எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். ஓவியா பொறுமையாகச் சொன்னாள். எத்தனை நாளாயிற்று? நான்கு மாதம். நன்றாகக் காயவைத்தீர்களா? “வைக்கோல் போர் மேல், மூன்று நாள்” என்றேன் நான். அதையும் தட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் பூதலூரை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாகக் கெடுத்து எழுதும். அந்த ஊரில் தண்ணீர் எப்படி, காய்ந்ததா, சுத்தமா என்று அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஏரியில் நடந்ததை முழுதாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2

முதலில் கயாக் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே ஒரு நகரத்தின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குப் போய்த் தண்ணீரைச் சோதித்து, அளவுகளைக் குறித்து, மூன்று மணிக்குத் திரும்புவேன். என் மனைவி சுமதி மருத்துவமனையில் நர்ஸ். ஓவியா பதிமூன்று வயதில் என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்தினாள். சண்டை ஒன்றும் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் சுருங்கிக்கொண்டே வந்தது. பதினாறு வயதில் அவள் என்னிடம் ஒரு நாளைக்குப் பேசும் சொற்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் பாதி “ஓகே”.

ஒரு கோடையில், உடன் வேலை பார்த்த ஒருவர் வேறு ஊர் போகும்போது, காற்றடைக்கும் கயாக் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேர் உட்காரலாம். கூடவே ஒரு சோனார். படகின் அடியில் கை நீளக் கருவி ஒன்றைத் தண்ணீருக்குள் நீட்டிவிட வேண்டும். அது இடமும் வலமும் ஒலியை அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து, தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் படமாக வரையும். கடினமான தரை வெளிச்சமாகத் தெரியும், சேறு கறுப்பாகத் தெரியும். மீன் என்றால் ஒரு வெள்ளைக் கீற்று, அதற்குப் பக்கத்தில் அதன் நிழல்.

எனக்குத் திரையில் எதுவும் புரியவில்லை. ஓவியாவைக் கூப்பிட்டேன். சலித்துக்கொண்டு வந்தாள். பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் பின்னால் துடுப்பு, அவள் முன்னால் திரை. “மெதுவா. நேரா. ஏன் வளைக்கிறீங்க?” என்று ஆங்கிலத்தில் அதட்டுவாள். கயாக் நேராகவும் நடக்கும் வேகத்திலும் போனால்தான் படம் சுத்தமாக வரும். மூன்று வருட மௌனத்துக்குப் பிறகு மகள் திட்டுகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாவது வாரம் கரையோரமாகப் போனபோது திரையில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் வந்தன. ஒட்டி ஒட்டி, ஐம்பது அறுபது இருக்கும். நிலவின் குழிகள் மாதிரி இருக்கிறது என்றாள். நான் எட்டிப் பார்த்து, “பணியாரக் கல்லு” என்று கத்திவிட்டேன். அவள் திரும்பினாள்.

அவை மீன்குழிகள். இங்கே சூரியமீன் என்று ஒன்று உண்டு. ஆண்மீன் வாலால் தரையைப் பெருக்கி வட்டமாகக் குழி செய்யும், பெண்மீன் அதில் முட்டையிடும். எங்கள் ஊரில் ஜிலேபிக் கெண்டை அச்சு அசலாக இதையே செய்யும். கோடையில் ஏரி வற்றும்போது தரையெல்லாம் குழிகளாகக் கிடக்கும். நாங்கள் ஆளுக்கொரு குழியில் உட்கார்ந்துகொண்டு, அதுதான் வீடு என்று விளையாடுவோம். அதைச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில், “உங்க ஏரியில இப்பவும் அப்படிப் பண்ணுதா?” என்று கேட்டாள்.

என் ஊரைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

3

மூன்று வருடம் கழித்து, போன ஐப்பசியில் என் தங்கை மல்லிகா போன் செய்தாள்.

எங்கள் அப்பா அம்மா அந்த ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். மல்லிகா இன்று அதே மடையில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் சம்பா போடுகிறாள். அவளும் தெருவில் இருக்கும் பதினோரு பெண்களும் சேர்ந்த குழு அந்த வருடம்தான் முதல்முறையாக ஏரியின் மீன் குத்தகையை எடுத்திருந்தது. அதுவரை அது எங்கள் தெரு ஆட்கள் கைக்கு வந்ததே இல்லை. கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருந்தார்கள். மழை கொட்டி ஏரி நிரம்பிவிட்டது. உபரித் தண்ணீர் வழியும் கலிங்கில் கட்டியிருந்த வலை கிழிந்துவிட்டது.

“எல்லா மீனும் தண்ணியோட போயிருச்சுங்கிறாங்கண்ணே. மூணு தடவை வலை போட்டாச்சு. ஒண்ணும் விழல. சரோஜாக்கா குத்தகையத் திருப்பிக் குடுத்துரலாம்னு ஒத்தக்கால்ல நிக்குது. பொங்கலுக்கு முன்னாடி கூட்டம் போட்டு முடிவெடுக்கணும்.”

“நீ என்ன நினைக்கிற?”

“நான் என்ன நினைக்கிறது. திருப்பிக் குடுத்தா மறுபடி நம்ம கைக்கு வராது. அதுமட்டும் தெரியும். நீ ஏதோ மெஷின் வச்சிருக்கேன்னியே, தண்ணிக்குள்ள பாக்குறது. அதக் கொண்டு வா.”

ஓவியா கல்லூரியில் முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடத்தில் இருந்தாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஊருக்கு வரவே மாட்டேன் என்று இருந்தவள். கேட்டவுடன், “திரையை யார் படிப்பா? நீங்களா?” என்றாள். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சுமதிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். சோனாரின் பெரிய பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடவில்லை. இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, நீண்ட குழாயையும் திரையையும் பார்த்து, இது என்ன என்றார். நான் இயற்பியலில் தொடங்கினேன். ஒலி அலை, எதிரொலி என்று போனேன். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. ஓவியா குறுக்கே வந்து, தமிழில், “மீன் டிவி” என்றாள். அவர் சிரித்துவிட்டார். போகச் சொன்னார்.

பேட்டரிக்கு மல்லிகாவின் கணவர் ரவி வழி கண்டுபிடித்தார். பயிருக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரைப் பிரித்து, “மச்சான், இதுவும் பன்னெண்டு வோல்ட்டுதான்” என்று நீட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

4

மறுநாள் காலை கயாக்கில் காற்றடிக்கும்போதே கரையில் ஐம்பது பேர். நாங்கள் ஏரியை இடமிருந்து வலமாக, உழுவது போல, வரிசை வரிசையாக ஓட்டினோம். தண்ணீர் காவி நிறம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சோனாருக்கு அது பொருட்டில்லை. மூன்றாவது வரிசையில், கிழக்குக் கரையோரம், திரை முழுக்கப் பணியாரக் கல்.

ஓவியா கையை மேலே தூக்கினாள். நான் துடுப்பால் தண்ணீரை அறைந்தேன். கரையில் இருந்தவர்களுக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் விசிலடித்தார்கள்.

மல்லிகா திரையில் படத்தைப் பார்த்த உடனே, “ஜிலேபி குழிதான். நல்லாத் தெரியுது” என்றாள். பிறகு, “நாங்க விட்ட கட்லா எங்க?” என்றாள். கட்லா குழி பறிக்காது. அதைத் தனியாகத்தான் தேட வேண்டும். அன்று மாலை ஓவியா அத்தையோடு அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். வயிற்றில் முட்டை இருந்தால் அதற்குப் பெயர் சினை என்று அத்தை சொல்லிக்கொடுத்தாள். ஓவியா நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் நான் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம், பைக்கில் வந்த ஒருவர் கரையில் இருந்த ஓவியாவிடம், என்னம்மா தேடுறீங்க என்று கேட்டிருக்கிறார். ஆறு வருடத்தில் முதல்முறையாக என் மகள், யாரும் வற்புறுத்தாமல், ஆங்கிலம் கலக்காமல், முழுசாகத் தமிழில் பதில் சொன்னாள்.

“நாங்க சிலை தேடுறோம். நேத்தே கண்டுபிடிச்சிட்டோம். முப்பது நாப்பது இருக்கு. எல்லாம் குழிக்குள்ள.”

தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட முடியாது. மூன்று மணிக்குள் ஏரியில் ஐம்பொன் சிலை கிடைத்தது. நாலு மணிக்கு அதற்கு நடராஜர் என்று பெயர் வந்தது. ஐந்து மணிக்கு ரவிக்குப் போன் செய்த அவருடைய சித்தப்பா, சிலையை வெளிநாட்டுக்குக் கடத்த அமெரிக்காவிலிருந்தே ஆள் வந்திருக்கிறதாமே, நம்ம ஊர்க்காரன்தானாமே, யாரு என்று விசாரித்தார். “நம்ம மச்சான்தான்” என்றார் ரவி.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் சிலை என்றால் வழக்கு. போலீஸ் கருவியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. என் பயணத்தையே நிறுத்தலாம். அதைவிட மோசம், மல்லிகாவின் குழு ஏரிக்குள் திருட்டு வேலை செய்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் குத்தகையை யாரும் திருப்பிக் கொடுக்கவே வேண்டாம், தானாகப் போய்விடும். மல்லிகா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஓவியாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆங்கிலத்தில், “நான் தமிழ் பேசியிருக்கவே கூடாது” என்றாள்.

“ஒரு எழுத்துதாம்மா மாறிப்போச்சு” என்றேன். அவள் கேட்கும் நிலையில் இல்லை.

5

காலை எட்டரைக்கு ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம். கூட ஒரு ஏட்டு. கரையில் இப்போது முந்நூறு பேர். முறுக்கு விற்கிறவர்கூட வந்துவிட்டார்.

“யாரு சிலை பாத்தது?”

ஓவியா ஓர் அடி முன்னால் வந்தாள். “மேடம், நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். மீனோட முட்டை. அத சொல்ல வந்தேன்.”

“மீன் முட்டைக்கும் சிலைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சினைங்க” என்றாள் மல்லிகா. “சினைன்னு சொல்லித் தந்தேன், பிள்ளை சிலைன்னுடுச்சு.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “நான் இதையே ரிப்போர்ட்டா எழுத முடியாது. அந்த மெஷின ஸ்டேஷனுக்கு எடுத்துட்டு வாங்க. தெரிஞ்சவங்க பாக்கட்டும்.”

நான் கெஞ்சலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மல்லிகா பேசினாள். “அம்மா, மெஷின் தண்ணிக்குள்ளதான் வேலை செய்யும். ஸ்டேஷன்ல வச்சா செவுத்ததான் பாக்கும். நீங்களே ஏறி ஒரு சுத்து பாத்துருங்க. சிலை இருந்தா நீங்களே எடுத்துக்கங்க, பேரும் உங்களுக்கு.”

சப்-இன்ஸ்பெக்டர் ஏரியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். “ஏட்டய்யா, தொப்பியப் புடிங்க” என்றார்.

உயிர்காக்கும் சட்டையைச் சீருடைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஓவியா துடுப்பை எடுத்தாள். நான் ரவியோடு தெர்மாகோல் தெப்பத்தில் பின்தொடர்ந்தேன். எங்கள் பக்கத்து ஏரிகளில் வலை வீசுகிறவர்கள் மிதப்பது அந்தத் தெர்மாகோல் பலகையில்தான்.

குழிகள் இருந்த இடம் வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் திரையில் குனிந்தார். “இதென்ன, பணியாரச் சட்டி மாதிரி இருக்கு.”

“எங்கப்பாவும் அதான் சொன்னாங்க மேடம்” என்றாள் ஓவியா. “ஒவ்வொண்ணும் ஒரு வீடு. ஆம்பள மீன் கட்டும்.”

“பரவாயில்லையே” என்றார் அவர். அந்தக் குரலில் அதிகாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. “அந்தப் பக்கம் போ. அங்க என்ன இருக்கு?”

அந்தப் பக்கம் என்று அவர் காட்டியது ஏரியின் நடு. சில வருடங்களுக்கு முன்னால் வண்டல் மண் எடுத்த பெரிய பள்ளம் அங்கே இருக்கிறது. ஆழம் தெரியாது என்று வலைக்காரர்கள் போக மாட்டார்கள். எங்கள் வரிசைகளும் இன்னும் அதுவரை வரவில்லை. ஓவியா மெதுவாக, நேராக ஓட்டினாள். திரையில் தரை சரிந்து கீழே போனது. பிறகு அரிசியை அள்ளி வீசியது போல வெள்ளைக் கீற்றுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நிழல். நிழல்கள் நீளமாக, தடிமனாக இருந்தன.

“மேடம்” என்றாள் ஓவியா. அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. முன்னால் எக்கித் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து, ஆணையிடும் குரலில், “அண்ணே, இங்க வீசுங்க” என்றார்.

ரவி வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து விழுந்து, இறங்கிக்கொண்டே போனது. இழுக்கத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. “மச்சான், புடிங்க.” இரண்டு பேரும் இழுத்தோம். தெப்பம் சாய்ந்தது. வலை மேலே வந்தபோது அதற்குள் நாலு கட்லா. தலை ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. ஒன்று வாலால் என் கன்னத்தில் விட்ட அறை இரண்டு நாள் சிவந்திருந்தது.

கரையில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. மல்லிகா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு.

ஏட்டு ஜீப்பின் பானட்டில் காகிதத்தை விரித்து எழுதினார். ஓவியாவின் வாக்குமூலம். எழுதி முடித்து உரக்கப் படித்தார். “மேற்படி நபர் ஏரியில் சிலை மீன்கள் இருப்பதை…”

“சினை, சார்” என்றாள் ஓவியா.

ஏட்டு அடித்துத் திருத்தினார். சப்-இன்ஸ்பெக்டர் பூட்ஸை மாட்டிக்கொண்டே, இப்போது வெளிப்படையாகச் சிரித்தார். போகும்போது, “அடுத்த தடவை வந்தா ஸ்டேஷன்ல சொல்லிட்டு எறக்குங்க. நானும் வரேன்” என்றார்.

அதற்குப் பிறகு கயாக் எங்களுக்கு இல்லை. குழுவின் பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க இந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்கள், ஒருவர்கூட ஏரியின் மேல் மிதந்ததில்லை. ஓவியா ஒவ்வொருவராக ஏற்றி ஒரு சுற்று காட்டினாள். பின்னால் இருந்து அவள் திரையைக் காட்ட, முன்னால் இருந்தவர்கள் வழி சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் ஸ்பிரேயர் பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. வரிசை குறையவில்லை.

வெயில் சாயும்போது மல்லிகா தீர்மான நோட்டை எடுத்தாள். எல்லாரும் இங்கேயே இருக்கிறோம், கூட்டத்தை இப்போதே முடித்துவிடலாம் என்றாள். குத்தகையை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னாள். பதினோரு கை எழுந்தது. பன்னிரண்டாவது ஆள் சரோஜாக்கா. குத்தகையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அதே சரோஜாக்கா. அவர் அப்போது ஓவியாவோடு ஏரிக்குள் இருந்தார், மூன்றாவது முறையாக.

“சரோஜாக்கா” என்று மல்லிகா கரையிலிருந்து கூவினாள். “ஏரிய வச்சுக்கலாமா, வேணாமா?”

“என்ன?”

“வச்சுக்கலாமாங்கிறேன்.”

சரோஜாக்கா தன் கை கரைக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கயாக்கில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். கயாக் கவிழ்ந்தது. நான் தண்ணீருக்குள் ஓடினேன். ஓடத் தேவையிருக்கவில்லை. அங்கே இடுப்பளவுதான். முதலில் ஓவியா எழுந்தாள், தலையெல்லாம் பாசி, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் சரோஜாக்கா எழுந்தார். சேலை நீரில் மிதந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது. இரண்டு கையும் இன்னும் மேலேதான் இருந்தன.

“எழுதுடி” என்றார் மல்லிகாவைப் பார்த்து.

மல்லிகா எழுதினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.